வாழ்ந்த வீட்டு மரம்

கிட்ட வந்து உட்காருங்க. பக்கத்து மில்லில் ரம்பம் ஓடுகிறது, தள்ளி உட்கார்ந்தால் நான் சொல்வதில் பாதிதான் காதில் விழும். அந்தத் தேக்குக் கட்டை மேலேயே உட்காரலாம். ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு.

பழைய மர வியாபாரம் என்பது, வீட்டை இடிக்கிறவர் கண்ணீருக்கும் வீட்டைக் கட்டுகிறவர் கோபத்துக்கும் நடுவில் கடை போட்டு உட்காருவது. என் கடை அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற ரோட்டில் இருக்கிறது. இடிக்கிற வீட்டில் உத்திரம், கட்டை, தூண், கதவு எல்லாம் வாங்கி வந்து, சுத்தம் பண்ணி, கட்டுகிற வீட்டுக்குக் கொடுக்கிறேன். எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்து வாசலோடு சரி. காது மட்டும் நல்லாக் கேட்கும். சொந்தமா வீடு கட்டினவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதுசா இருக்காது. கொத்தனார், இஞ்சினியர், சொந்தக்காரர் என்று எல்லாப் பக்கமும் அடி வாங்கினவங்கதானே நீங்களும்.

முதல் கேள்வி

மற்ற கடைக்கு வருகிற ஆள் விலையிலிருந்து ஆரம்பிப்பார். என் கடையில் முதல் கேள்வி, "எந்த வீட்டு மரம் பாய்?" அடுத்த கேள்வி, "நல்லா வாழ்ந்த வீடா?" நொடிச்சுப்போன வீட்டு மரத்தைப் போட்டால் நாமும் நொடிச்சுப்போவோம் என்று ஒரு பயம். யோசிச்சுப் பாருங்க, நல்லா வாழ்ந்துகொண்டிருக்கிற வீட்டை யார் இடிக்கக் கொடுப்பார்? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிருப்பார்கள், ரோட்டை அகலப்படுத்தியிருப்பார்கள், மழையில் ஒரு பக்கச் சுவர் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் இருக்க ஆளே இல்லாமல் போயிருக்கும். இப்படித்தான் மரம் என்னிடம் வருகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு பலகை கூட வெளியே போகாது.

டவுனில் விசைத்தறி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் வாசல் கதவு எடுக்க வந்தார். அந்த வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், பெண்களை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று எல்லாம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கதவைத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். திருப்திதான். வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, டிரைவரும் ஏறி உட்கார்ந்தாச்சு. அண்ணாச்சி மட்டும் திரும்பி வந்து என் காதோரம் குனிந்தார்.

"எல்லாம் சரி பாய். அந்த வீட்டுக்காரருக்கு சுகர் கிகர் எதுவும் இல்லையே?"

முள் எடுக்கிற வேலை

பழைய மரத்தில் பாதி வேலை ஆணி பிடுங்குவது. சுப்பையா ஆசாரி என்கூட இருக்கிறார். அவர் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு மரத்தை மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே போவார். சாமி படம் மாட்டின ஆணி, காலண்டர் தொங்கின ஆணி, கொசுவலை கட்டின கொக்கி, தொட்டில் போட்ட வளையம் என்று வரிசையாக வரும். ஒரு குடும்பம் எங்கெங்கே என்னென்ன மாட்டியிருந்தது என்று மரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். உள்ளே ஒரே ஓர் ஆணி தங்கிவிட்டாலும் மில்லில் ரம்பப் பல் தெறித்துவிடும். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் ஆபத்து.

அதனால் மில்லுக்காரர்கள் பழைய மரம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பக்கத்து மில் தங்கராசு மட்டும் அறுத்துக் கொடுப்பார். அதுவும் தானே ஒரு தரம் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மிஷினைப் போடுவார். இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை, நாங்கள்தான் எல்லாம் பார்த்துவிட்டோமே என்று ஒருநாள் கேட்டேன்.

"புது மரம் இட்லி மாதிரி பாய், கண்ண மூடிக்கிட்டுத் திங்கலாம். ஒங்க மரம் மீனு. எத்தன பேரு முள்ளு எடுத்துக் குடுத்தாலும் திங்கிறவன் வாய்தான சூதானமா இருக்கணும்."

மதுரைப் பொண்ணு

கட்டடம் வரைகிற பொண்ணு ஒன்று மதுரையிலிருந்து வந்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு வீடு கட்டப்போகிறார்களாம். வீட்டுக்காரர் மாரிச்சாமி கத்தாரில் வேலை பார்க்கிறவர். அங்கே தகரக் கொட்டகையிலும் ஏசியிலும் மாறி மாறிக் கிடந்து அலுத்துப்போய், ஊரில் வெயில் இறங்காத வீடாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதனால் நடு அறைக்குக் கான்கிரீட் போடாமல், பழைய மாதிரி மட்டப்பா போடலாம் என்று இந்தப் பொண்ணு சொல்லியிருக்கிறது. உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் செங்கல்லைக் குத்தவச்சு ஒட்டி, சுண்ணாம்புக் காரை போடுவதுதான் மட்டப்பா. கம்பியும் சிமெண்டும் மிச்சம். நம் வெயிலுக்கு அதன் கீழே படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்தப் பொண்ணு, முள் வைத்த ஒரு சின்னப் பெட்டியைக் கடையில் கிடந்த கட்டைகளில் குத்தி ஈரம் பார்த்தது. தட்டிப் பார்த்தது. பிறகு, "இது எங்கேருந்து வந்துச்சு பாய்?" என்றது. நானும் பழக்க தோஷத்தில், நல்ல குடும்பம், நாலு பேர் மதிச்ச குடும்பம் என்று ஆரம்பித்தேன். அது சிரித்துவிட்டது. லாரியில் எவ்வளவு தூரம் வந்தது என்றுதான் கேட்டதாம். பக்கத்து ஊர்தான் என்றேன். அப்போ லாரிப் புகையும் மிச்சம் என்றது. எல்லாரும் வீட்டு வரலாறு கேட்கிறார்கள், உனக்கு வேண்டாமா தாயி என்று கேட்டேன்.

"இத வெட்டுனவங்க எப்பவோ வெட்டிட்டாங்க பாய். இத நான் எடுத்துக்கிட்டா இன்னிக்கு ஒரு மரம் நிக்கும். எனக்கு அந்த வரலாறு போதும்."

பேச்சியம்மாள் கூட்டின தரை

கட்டை இருந்தது. ஆனால் அந்தப் பொண்ணு கேட்ட நீளத்துக்கு உத்திரம் அப்போது என்னிடம் இல்லை. தேடி அலைந்ததில், திருச்சுழி தாண்டி ஒரு கிராமத்தில் வீடு ஒன்று கிடைத்தது. ராமசாமி என்று ஒரு பெரியவர், அவர் சம்சாரம் பேச்சியம்மாள். இரண்டே பேர். பெரிய வீடு. மழைக்கு ஒழுகி ஒழுகி முன்பக்கம் இறங்கிவிட்டது. அதைப் பிரித்து மரத்தைக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் இருக்கிற ஒரு அறையை மட்டும் ஒழுகாமல் பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

நாங்கள் மேலே காரையைத் தட்டத் தட்ட, கீழே புழுதி கொட்டும். பேச்சியம்மாள் விளக்குமாற்றோடு வந்து அந்தத் தரையைக் கூட்டுவார். இடிக்கிற வீட்டை எதுக்கம்மா கூட்டுறீங்க என்று ஆசாரி கேட்டதற்கு, ஆள் நடமாடுற வரைக்கும் வீடுதானே என்றார். மத்தியானம் பெரியவர் எங்களுக்கு மோர் கொண்டுவந்தால், அந்தம்மா பின்னாடியே வந்து உப்புப் போட மறந்துட்டாக என்று அவரைக் கிண்டல் பண்ணுவார். அவர் மறக்கவில்லை, வேண்டுமென்றே போடாமல் வருகிறார், இந்தம்மா பின்னாடி வரட்டும் என்று. எங்களுக்கே இரண்டாம் நாள் புரிந்துவிட்டது.

உத்திரம் இறங்கியது. நல்ல தேக்கு. புகை ஏறி எண்ணெய் தேய்த்த மாதிரிக் கறுப்பாக மின்னியது. ஆசாரி காந்தத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு ஆணி இல்லை, வளையம் இல்லை, தொட்டில் போட்ட தடம் எதுவுமே இல்லை. லாரி கிளம்பும்போது பேச்சியம்மாள் வேலி வரைக்கும் வந்து, பெரியவர் காதில் விழாதபடி சொன்னார்.

"பாயி, வாங்குறவுக கேட்டா எங்க வீட்டுதுன்னு சொல்லிறாதீக. பிள்ள இல்லாத வீட்டு மரம்னு தெரிஞ்சா யாரும் எடுக்க மாட்டாக. ஒங்களுக்குத்தான் நட்டம்."

மாமியாரும் மருமகளும்

உத்திரம் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். மாரிச்சாமி லீவில் வந்திருந்தார். அவர் அம்மா ராக்கம்மா முன்னால் வந்தார். பின்னால் மாரிச்சாமி. அவருக்கும் பின்னால் அவர் சம்சாரம் செல்வி. கல்யாணமாகி வருசம் பல ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. இதை நான் விசாரிக்கவே வேண்டியதில்லை, ராக்கம்மா வந்ததும் அவரே சொல்லிவிட்டார். மகன் கத்தாரிலிருந்து இரண்டு வருசத்துக்கு ஒரு தரம் வந்து, மூட்டையைப் பிரித்துக் கட்டுவதற்குள் திரும்பிப் போகிறவன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க பாய். பிள்ள குட்டியோட வாழ்ந்த வீட்டு உத்திரமா வேணும். தொட்டில் ஆடுன உத்திரமா வேணும். ஏற்கனவே ஒண்ணு காய்க்காம நிக்கிது வீட்டுல. இவன் அடுத்த லீவுல வர்றதுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா, என் தம்பி மக இருக்கா. தம்பியும் சரின்னுட்டான்." செல்வி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். மாரிச்சாமி கீழே கிடந்த மரத்தூளைச் செருப்பால் தள்ளிக்கொண்டிருந்தார். செல்வி வரிசையாகக் கிடந்த உத்திரங்களை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போய், பேச்சியம்மாள் வீட்டு உத்திரத்துக்கிட்டே நின்று, குனிந்து மோந்து பார்த்தது. இது நல்லா இருக்கு என்றது.

ராக்கம்மா என் பக்கம் திரும்பினார். எந்த வீடு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிற நேரம். பொய் சொல்லவும் வாய் வரவில்லை, பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டதை மீறவும் முடியவில்லை. செல்வி என் முகத்தை ஒரு தரம் பார்த்தது. பிறகு மாமியார் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னது.

"அத்தே, இவரப் பேச விடாதீக. வாழ்ந்த வீடுன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா வெலைய ஏத்திப்புடுவாரு. பேசாம வாங்கிட்டுப் போயிருவோம்."

மறந்துவைத்த குடை

முன்பணம் கொடுத்துவிட்டு அவர்கள் ஏறின ஆட்டோ கொஞ்ச தூரம் போய் நின்றது. செல்வி மட்டும் இறங்கி வந்தது, குடையை மறந்துவிட்டதாம். குடை அதன் கக்கத்தில்தான் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க பாய்" என்றது. சொன்னேன். யார், எந்த ஊர், எதற்காகப் பிரித்தார்கள், அந்தம்மா வேலிக்கிட்டே நின்று என்ன சொன்னார் எல்லாம் சொன்னேன். வேறு உத்திரம் தேடித் தருகிறேன், உனக்கு எதுக்கம்மா வம்பு என்றும் சொன்னேன். செல்வி ஒன்றே ஒன்று கேட்டது. அந்தப் பெரியவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையா?

இல்லை என்றேன். மோர் கதையைச் சொன்னேன். உப்புப் போடாமல் வருவதையும், அந்தம்மா பின்னாடியே வருவதையும் கேட்டுச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆட்டோ ஹாரன் அடித்தது.

"எனக்கு இந்த உத்திரந்தான் வேணும் பாய். வேற குடுத்தீகன்னா எடுக்க மாட்டேன்."

இறக்க முடியாதது

உத்திரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டினார்கள். ஆசாரி கும்பிட்டார், நான் என் வழக்கப்படி மனசுக்குள் பிஸ்மி சொன்னேன். சந்துக்குள் கிரேன் வராது. ஊர் ஆட்கள் கயிறு பிடித்து, ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு ஏற்றினோம். அப்புறம் கட்டை அடுக்கி, செங்கல் ஒட்டி, காரையும் போட்டு முடிந்தது.

மாரிச்சாமி லீவு முடிவதற்குள்ளேயே பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு விஷயம் வெளியே வந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. திருச்சுழி பஸ்ஸில் ராக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை, ராமசாமி வீட்டு மரம் பந்தல்குடி ரோட்டுப் பாய் கடைக்குப் போய் அப்படியே உங்க வீட்டுக்கு வந்திருக்காமே என்று கேட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸில் ராக்கம்மா என் கடையில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மரத்தைத் திரும்ப எடுத்துக்கொள் என்றார். சுப்பையா ஆசாரி தன்மையாகத்தான் சொன்னார்: "ஆத்தா, மொத்த மச்சும் அது மேலதான் உக்காந்திருக்கு. அத உருவணும்னா வீட்டையே இறக்கணும்." ராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகள்தான் இதைத் தேர்ந்தெடுத்தாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"சரி. உத்திரத்த மாத்த முடியாதுன்னா மருமகள மாத்துறேன். பால் காய்ச்சுற அன்னிக்கி என் தம்பி வருவான். சபையில வச்சே பேசி முடிச்சிருவேன்."

பால் காய்ச்சின அன்றைக்கு

எங்களுக்கும் அழைப்பு இருந்தது. போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆசாரிதான், மரம் கொடுத்தவரும் ஏத்தினவரும் ஓடி ஒளிஞ்சா அந்தப் பிள்ளை தனியா நிக்கும் என்றார். விடிகிற நேரத்துக்குப் போய்விட்டோம். சொந்தபந்தம் எல்லாம் நடு அறையில், அந்த உத்திரத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியும் வந்திருந்தார். ராக்கம்மா சுவரோரம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெற்ற சுமங்கலி ஒருத்தி பானையை அடுப்பில் வைப்பதுதான் அங்கே வழக்கம். யார் வைப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாரிச்சாமி அம்மாவையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ராமசாமிப் பெரியவரும் பேச்சியம்மாளும் இறங்கினார்கள். செல்வி முந்தின வாரமே யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்திருக்கிறது. பேச்சியம்மாள் வாசலோடு நின்றுகொண்டார். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குள் ஏறி அவருக்குப் பழக்கமில்லை. அங்கிருந்தே உள்ளே பார்த்து, "இதுல ராக்கம்மா யாரு தாயி?" என்று கேட்டார்.

சபை முழுக்க ராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்துகொள்வதற்குள் பேச்சியம்மாள் கும்பிட்டபடி பேச ஆரம்பித்துவிட்டார். "ஒங்க மருமக வந்து சொன்னுச்சு. எங்க வீட்டு மரம் இங்க இருக்குன்னு தெரிஞ்சதும், அவுகதான் வந்து பானை வைக்கணும்னு எங்க அத்தே பிடிவாதமா இருக்காகன்னுச்சு. நான் நம்பல. எங்கள யாரும் ஒரு நல்லது பொல்லதுக்குக் கூப்பிட்டதில்ல தாயி. நீ கூப்பிட்டு விட்டிருக்கியே. ஒன் மனசு யாருக்கு வரும்?" பெரியவர் மேலே பார்த்தார். உத்திரத்தைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு கிழவி, "ராக்கம்மாவா? இவ்வளவு பெரிய மனசா இவளுக்கு?" என்றாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். பெண் கொடுக்கத் தயாராக வந்திருந்த தம்பியே எழுந்து, "எங்க அக்கா அப்படித்தான். பிள்ள இல்லன்னு ஒருத்திய ஒதுக்குற ஆளு கெடையாது" என்றார். சொன்ன பிறகுதான், தான் எதற்காக வந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மெல்ல உட்கார்ந்துவிட்டார். ராக்கம்மா செல்வியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. வாசலில் ஒரு கிழவி இன்னும் கும்பிட்ட கையை இறக்காமல் நிற்கிறாள். ராக்கம்மா எழுந்தார், வாசல் வரைக்கும் நடந்து போனார், அந்தக் கையைப் பிடித்தார். "உள்ள வா மதினி. வாசல்ல நிக்கிறதுக்கா ஒன்ன வரச் சொன்னேன்?"

பேச்சியம்மாள் பானையை வைத்தார். ராக்கம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். மாரிச்சாமி அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

செல்வி யாரையும் பார்க்கவில்லை. முதல் தம்ளரில் பாலை ஊற்றி, சபைக்கு நடுவில் நடந்து போய், பேச்சியம்மாளுக்குக் கொடுக்காமல், புருசனுக்கும் கொடுக்காமல், மாமியார் கையில் வைத்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அத்தே, மொதத் தம்ளர் ஒங்களுக்குத்தான். இன்னிக்கி நீங்க செஞ்சத நான் இருக்குற மட்டும் இந்த வீட்டுல இருந்து சொல்லுவேன்" என்றது. ராக்கம்மா சபையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பாலைக் குடித்தார்.

நாங்கள் கயிறும் ஆளுமாக ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு மேலே ஏற்றின உத்திரத்தை, யாராலும் இறக்க முடியாதபடி நிறுத்தியது அந்தப் பிள்ளை ஊற்றிக்கொடுத்த ஒரு தம்ளர் பால்தான்.